மோதல் படம் போட்ட லாரி

புது லாரிக்குப் பாடி கட்டி முடித்து, பின்கதவில் என்ன படம் போடுவது என்ற பேச்சு வரும்போது நாமக்கல் பக்கம் யாரும் அவசரப்பட மாட்டார்கள். கழுகா, குதிரையா, குலசாமியா, பிள்ளைகளின் முகமா என்று வீட்டில் நாள்கணக்கில் அது ஓடும். தமிழரசு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. "சேஸிலிருந்து ஹாரன் வரைக்கும் நாஞ் சொன்னபடி ஆச்சு. பின்னாடி மட்டும் உனக்குப் புடிச்சதப் போட்டுக்க" என்று மனைவி பிரவீனாவிடம் விட்டுவிட்டார். அவள் அன்றைக்கே ஒரு படத்தைக் கொடுத்துவிட்டாள். எதையும் திரும்பத் திரும்ப யோசிக்கிறவள் அதற்கு மட்டும் யோசிக்கவில்லை.

பிரவீனாவும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இயற்பியல் படித்தவர்கள். நான் படிப்பைப் பிடித்துக்கொண்டு வெளிநாட்டுக்கு வந்துவிட்டேன். அவள் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி, நாமக்கல்லைத் தாண்டி ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

பயம் அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். அப்பா சின்னண்ணன், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வருடத்தில் பாதியை மத்தியப் பிரதேசத்தில் கழித்தவர். வீட்டில் போன் அடித்தால் அம்மா முதலில் சாமி படத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் ரிசீவரைத் தொடுவார். அந்த வீட்டில் வளர்ந்த பிரவீனா, விடுதி அறையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்த பிறகு, பூட்டினோமா இல்லையா என்று திரும்பிப் போவாள். எனக்கும் அதே வியாதி இருந்ததால் நானும் கூடப் போவேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஊறியது.

கடைசி வருடம் செய்முறைக்கு எங்களுக்கு வந்த தலைப்பு, விண்மீன் திரள்களின் மோதல். கோடிகோடியாக நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு திரள், இன்னொரு திரளின் ஈர்ப்பில் சிக்கி அதை நோக்கி விழுவது. ஒருமுறை ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும். போகிற போக்கில் ஒன்றின் கையை மற்றொன்று இழுத்து நீட்டிவிடும். அப்படியே பிரிந்து போய்விடுமா என்றால், பெரும்பாலும் முடியாது. வேகம் குறைந்து, தயங்கி, திரும்ப வந்து விழும். இப்படிப் போய் வந்து போய் வந்து கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிடும். இதெல்லாம் நடந்து முடிய நூறு கோடிக் கணக்கில் ஆண்டுகளாகும். எந்த மனிதரும் ஒரு மோதலை முதலிலிருந்து கடைசிவரை பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. வானத்தில் நமக்குக் கிடைப்பதெல்லாம் நின்றுபோன ஒரு கணம். ஆகவே வெவ்வேறு திசைகளில் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் ஜோடிகளைப் படமெடுத்து, இது முந்தியது, இது பிந்தியது என்று வரிசை போட்டுத்தான் கதையைத் தெரிந்துகொள்கிறார்கள். ஒருவர் வீட்டு நிச்சயதார்த்தப் படம், இன்னொருவர் வீட்டு முகூர்த்தப் படம், மூன்றாமவர் வீட்டு மறுவிருந்துப் படம் என்று பொறுக்கிச் சேர்த்து, ஒரு கல்யாணம் எப்படி நடக்கும் என்று கண்டுபிடிப்பதைப் போல.

நாங்களும் படங்களை அச்செடுத்து விடுதித் தரையில் பரப்பி வரிசை போட்டோம். பிரவீனாவுக்கு அதில் ஒரு கண் இருந்தது. நீண்ட வாலைப் பார்ப்பாள், புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் இடத்தில் நீலம் எவ்வளவு தெறித்திருக்கிறது என்று பார்ப்பாள். "இது ஒருக்கா கடந்தாச்சு புள்ள, இனித் திரும்பும்" என்று படத்தை நகர்த்தி வைப்பாள். கடைசிப் படத்தில் கையும் இருக்காது, சுழலும் இருக்காது. மங்கலான மஞ்சளில் உருண்டையாக ஒரு குவியல், அவ்வளவுதான்.

அந்தத் தரையில் உட்கார்ந்துதான் ஒரு விஷயம் அவளுக்கு உறைத்தது. இரண்டு திரள்கள் மோதும்போது நட்சத்திரத்தோடு நட்சத்திரம் மோதுவதில்லை. இடைவெளி அவ்வளவு பெரியது. "இத்தாம்பெரிய ஆக்சிடெண்ட்டு, ஒருத்தருக்கும் அடியில்ல பாரு புள்ள" என்றாள். சாமி படத்தைப் பார்க்காமல் போன் எடுத்தவள்போல் அன்றைக்கு அவள் முகம் இருந்தது.

மேலே படிக்க நினைத்தாள், கல்யாணம் வந்துவிட்டது. தமிழரசு முதலில் அடுத்தவர் லாரியை ஓட்டினார், பிறகு சொந்தமாக ஒன்று எடுத்தார். இப்போது ஓடுவது இரண்டாவது வண்டி. சேலத்து ஜவ்வரிசியை நாக்பூருக்கு ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து கோழித் தீவனத்துக்குச் சோயாப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு வருவார். மகள் கிருத்திகா ஒரு விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். லோடு பேசுவது, டோலுக்குப் பணம் ஏற்றுவது, பாதி வழியில் பஞ்சர் என்றால் ஆள் பிடிப்பது என்று வண்டியின் மீதி வேலையெல்லாம் பிரவீனா சமையலறையில் நின்றபடி போனிலேயே செய்துவிடுவாள். போனில் வண்டி ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். புள்ளி நின்றால் ஏன் நின்றது என்று பயம். ஓடினால் ஏன் இத்தனை வேகம் என்று பயம். ஓட்டும்போது அவர் போன் எடுக்க மாட்டார். எடுக்கக் கூடாது என்று அவளே போட்ட சட்டம்தான், ஆனாலும் எடுக்காதபோது மறுபடியும் அடிப்பாள்.

படம் வரைந்தவர் பட்டறைப் பெயிண்டர் வீரன். இரண்டு சுழல்கள், பெரியதன் கை நீண்டு சிறியதைத் தொட்டுக்கொண்டிருக்கும். நீலம், வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் ரோஜா நிறம்.

"ஏனுங்க, வண்டி முன்னால போகுது, இந்தச் சக்கரம் பின்னால சுத்தறாப்பல இருக்குதே. திருப்பிப் போட்டுறட்டுங்களா?" என்று கேட்டார் வீரன்.

"வேண்டாங்கண்ணா. கை பின்னாடிதான் இழுபடும். உள்ளது உள்ளபடி போடுங்க."

"எனக்கென்னுங், நாளைக்கு ரிவர்ஸ்லயே போகுதுன்னு என்னயச் சொல்லக்கூடாது."

மாமியார் முத்தாயம்மாள் வந்து பார்த்தார். "பெருமாள் சக்கரமாட்டவே இருக்குது. ரெட்டைச் சக்கரம். நல்லா ரோசன பண்ணித்தான் போட்டிருக்கற அம்மிணி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆமாங்க அத்தை" என்றாள் பிரவீனா.

வேறென்ன சொல்வாள்? லாரிக்காரர் வீட்டில் மோதல் என்ற சொல்லையே யாரும் வாயில் எடுப்பதில்லை. பெரிய விபத்தென்றாலும் 'வண்டிக்குக் கொஞ்சம் வேலை வந்துருச்சு' என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டு லாரியின் பின்கதவில் மோதலையே வரையச் சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் பளிச்சென்று பட்டது. சக்கரம் என்றே இருக்கட்டும், சுழல்கிறதுதானே என்று விட்டுவிட்டாள். எலுமிச்சம்பழம் நசுங்க, பூசணிக்காய் உடைய, முத்தாயம்மாள் இரட்டைச் சக்கரத்துக்குச் சூடம் காட்ட, வண்டி கிளம்பியது. பல நடை நல்லபடியாகவே போய் வந்தது.

கெடுத்தது கைலாசத்தின் போன். கைலாசம், தமிழரசுவோடு போகும் இரண்டாவது டிரைவர். ஓமலூர்க்காரன், வாய் ஓயாதவன். நாக்பூர் குடோனில் மூட்டை இறக்குகிறவர்கள் படத்துக்கு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதென்ன என்று யாரோ கேட்க, இவன் பெருமையாகப் போனை அதன் நேரே பிடித்துப் படத்தைத் தேடச் சொல்லியிருக்கிறான். போன் தமிழிலேயே சொல்லிவிட்டது: மோதிக்கொள்ளும் இரண்டு விண்மீன் திரள்கள்.

அதே நடையில், பெட்ரோல் பங்கில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தூணில் உரசி இடதுபக்கக் கண்ணாடி போயிற்று. மற்ற நாளாயிருந்தால் ஒரு கெட்ட வார்த்தையோடு முடிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வீட்டு முன்னால் வந்து நின்றது. கைலாசம் தன் பையையும் போர்வையையும் கேபினிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான்.

"என்னடா, மூட்டை முடிச்சக் கட்டிட்ட?" என்றார் முத்தாயம்மாள்.

"உங்க மருமககிட்டக் கேளுங்கம்மா. நாம இத்தன நாளாக் கும்புட்டது பெருமாள் சக்கரமில்லியாமா. ரெண்டு ஒலகம் மோதிக்கற படமாமா. அதப் பின்னால கட்டீட்டு நாங்க ரோட்டுல போறோம்."

"ஒலகமில்ல கைலாசம், நட்சத்திரக் கூட்டம்" என்றாள் பிரவீனா.

"நட்சத்திரம் மோதுனா மட்டும் நல்ல சகுனமுங்களாக்கா?"

"ஒண்ணோட ஒண்ணு மோதாதுடா, அதத்தான் சொல்றேன். இப்ப நம்ம சூரியன ஒரு முட்டைன்னு வெச்சுக்க. இங்க நாமக்கல்லுல வெச்சாச்சு. அதுக்குப் பக்கத்து நட்சத்திரம் இன்னொரு முட்டை. அது எங்க இருக்கும்?"

"பரமத்தீல?"

"நாக்பூரையுந் தாண்டி. நடுவுல ஒண்ணுங் கெடையாது, வெறும் ரோடு. இந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குள்ள அதே மாதிரி இன்னொரு கூட்டம் வந்து பூந்துச்சுன்னா, எந்த முட்டை எது மேல படும்?"

கைலாசம் யோசித்தான். "ஒரு கோழி அத்தன தூரம் போயி முட்ட வெக்காதுங்க்கா."

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்த தமிழரசு சிரித்துவிட்டார். பிரவீனாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அத்தோடு அவன் விட்டிருக்கலாம்.

"செரிங்க்கா. ஒண்ணும் படாதுன்னா மோதல்னு எதுக்குப் பேரு வெச்சாங்க?"

அது நல்ல கேள்வி. நல்ல கேள்விக்குப் பாதிப் பதில் சொல்ல அவளுக்கு வராது. நட்சத்திரங்களுக்கு நடுவே மேகம் மேகமாக வாயு இருக்கும், அது மோதும், நெருங்கும், அதிலிருந்து புதிய நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கும் என்றாள். அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. பழைய உருவம் இருக்காது, கைகள் பிய்ந்துபோகும் என்றாள். சில நட்சத்திரங்கள் கூட்டத்தை விட்டே வெளியே வீசப்பட்டுவிடும் என்றாள்.

"வெளியன்னா?" இதைக் கேட்டது தமிழரசு.

"வெளியதாங்க. எந்தக் கூட்டமும் இல்லாத எடத்துல. தனியா."

"அப்பறம் திரும்பி வராதா?"

"சிலது வரும். சிலது வராதுங்க."

ஸ்பேனர் பிடித்திருந்த அவர் கை நின்றது. இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் பிறகு கேட்டேன். "வாயில வருல புள்ள" என்றாள்.

"நம்முளுதும் மோதுமா?" என்றார் தமிழரசு, கண்ணாடியைப் பார்த்தபடி.

நம் பால்வெளியும் பக்கத்திலிருக்கும் ஆண்ட்ரோமீடாவும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருப்பதைச் சொன்னாள். வினாடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். "முன்னால கண்டிப்பா மோதும்னாங்க, நானூறு ஐநூறு கோடி வருசங் கழிச்சு. இப்பக் கணக்குப் போட்டுப் பாத்து, ஆயிரங் கோடி வருசத்துக்குள்ள மோதறதுக்கும் மோதாததுக்கும் பாதிக்குப் பாதிங்கறாங்க."

"உங்காளுகளுக்கே நிச்சயமில்ல" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

முத்தாயம்மாள் அதுவரை திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது எழுந்தார். "இந்தக் கெரகத்தத் தெரிஞ்சேதான் கொண்டாந்து வண்டீல வெச்சயா அம்மிணி? நானு சக்கரம்னு சொன்னப்ப ஆமாங்க அத்தைன்னியே."

"அழிச்சுறச் சொல்லீறேங்க அத்தை."

"அழிப்ப. மொத நாளு சூடம் காட்டியாச்சு, வாரவன் போறவனெல்லாம் தொட்டுக் கும்புட்டாச்சு. கும்புட்டத அழிச்சா அது வேற குத்தம். வெச்சிருந்தாலும் குத்தம், அழிச்சாலும் குத்தம். இனி நம்ம சொல்லறதுக்கு ஒண்ணுமில்ல. முனியப்பங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம். வெள்ளை வந்தா இருக்கட்டும். செவப்பு வந்தா அழிச்சுப்போட்டு, கெடா வெட்டி மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

அன்று சாயங்காலம் தமிழரசு ஒன்றைச் சொன்னார். "நானு இதயெல்லாம் ரொம்பப் பாக்கறவனில்ல, உனக்கே தெரியும். ஆனா கைலாசம் சொன்னதுக்கப்பறம், ஓட்டறப்ப முதுகுக்குப் பின்னால அது இருக்குதுங்கற நெனப்பு வந்துட்டே இருக்குது பிரவீனா. அந்தத் தூணும் அந்த நெனப்புலதான்."

அதற்குப் பிறகு அவளுக்குப் படம் முக்கியமில்லாமல் போயிற்று. நாக்பூரிலிருந்து பாரம் ஏற்றி வரும் வண்டி, தருமபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாயில் இறங்கியாக வேண்டும். நீளமான சரிவு. அங்கே ஒரு நொடி டிரைவரின் மனசு பின்கதவுக்குப் போனால் போதும். சகுனத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சகுனத்தை நினைத்துக்கொண்டு பிரேக் மிதிக்கிறவரின் கால்மீது அவளுக்குப் பயம் இருந்தது. அது மூடநம்பிக்கை இல்லை, இயற்பியல்தான்.

சிவப்பு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். படம் போகும், போகட்டும். ஆனால் இத்தனை நாள் குற்றத்தைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறோம் என்பது அவர் மனசில் விழுந்துவிடும். கெடா வெட்டினாலும் அது கழுவிப் போகாது. இனி ஒரு டயர் வெடித்தாலும் அன்றைக்குப் பிடித்த கெரகம் என்பார். வெள்ளை வந்தால் மட்டுந்தான் அவர் பழைய மனசோடு ஓட்டுவார். வெள்ளை வருவதற்கோ பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு.

கோயிலில் கூட்டமில்லை. முத்தாயம்மாள் மடியில் ஒரு கை வெள்ளை அரளியும் கொஞ்சம் சிவப்பு அரளியும் கொண்டுவந்திருந்தார். ஒரு பொட்டலத்தில் வெள்ளை, இன்னொன்றில் சிவப்பு, இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். முனியப்பன் காலடியில் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும்.

"என்ற வெரலு மடங்க மாட்டீங்குது. நீயே மடி சாமி" என்று பூவையும் வாழையிலைத் துண்டுகளையும் மருமகளிடம் கொடுத்தார்.

பிரவீனா தூணோரமாகத் திரும்பி நின்று மடித்தாள். இரண்டிலும் வெள்ளையை வைத்தாள். சிவப்பைச் சேலைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டாள்.

இதை எழுதட்டுமா என்று நான் கேட்டபோது, "எழுதிக்க புள்ள. அத்தைக்குப் படிக்கற பழக்கமில்ல. கைலாசந்தான் படிச்சுக் காட்டீருவான், அவம் பேர மட்டும் மாத்திரு" என்றாள். மாற்றிவிட்டேன்.

பொங்கல் வைக்க வந்தவர்களின் பெண்குழந்தை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டியது. பூசாரி பிரித்தார். வெள்ளை. முத்தாயம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "அப்ப முனியப்பனுக்கே கேலக்சி புடிச்சுப் போச்சுங்" என்று சொல்லிவிட்டுக் கைலாசம் தன் பையைத் தேடிப் போனான். தமிழரசு விபூதி பூசிக்கொண்டு, பிரகாரம் சுற்றி வந்த மனைவியை ஒரு முறை பார்த்தார். மறுநாள் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வண்டி வடக்கே போனது.

எல்லோருடைய பயமும் கழன்று அவள் ஒருத்தியின் தலையில் வந்து இறங்கியது. அவர் ஓட்டுவது முனியப்பன் கொடுத்த உத்தரவில் என்று அவர் நினைக்கிறார். அப்படி ஓர் உத்தரவே இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். நீலப் புள்ளி ஐதராபாத்தைத் தாண்டுகிறவரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கொசுவத்திலிருந்த சிவப்பு அரளியைத் தூக்கி எறியவும் பயமாக இருந்தது, வைத்திருக்கவும் பயமாக இருந்தது. கடைசியில் அதைக் கிணற்றடியில் புதைத்தாள்.

"நம்பிக்கையே இல்லாதவளுக்கு எதுக்குடி பயம்?" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். இன்னொன்றும் சொன்னாள்: "பால்வெளி கண்டிப்பா மோதும்னு படிச்சப்பக்கூட எனக்கு ஒண்ணுந் தோணுல. செரி, அதுதான் கணக்குன்னு மனசு அடங்கிப்போச்சு. மோதலாம் மோதாமயும் போலாம்னு சொன்னாங்க பாரு, அதுதான் தாங்கமாட்டீங்குது. அத்தன பெருசு, அத்தன தூரம், நம்ம மண்ணாப் போயி எத்தனையோ காலமாயிருக்கும், எனக்கென்ன வந்துச்சு?" அதைக் கேட்டபின் எனக்கும் வேலை ஓடவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு, 'ஒண்ணும் ஆகாது' என்று பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடியும் அதையே எழுதி அனுப்பினேன்.

புள்ளி நாக்பூர் போய்ச் சேர்ந்தது. சோயா ஏற்றித் திரும்பியது. திரும்பும் ஒவ்வொரு மணி நேரமும் தொப்பூரை நோக்கித்தான் வருகிறது. சொல்லிவிடுவதா, வீடு வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதா? சொன்னால் அந்த நினைப்போடு சரிவில் இறங்குவார். சொல்லாவிட்டால், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், சொல்லாமலே போயிற்று என்று ஆகிவிடும். எப்படி வரிசை போட்டாலும் கடைசிப் படம் ஒன்றுபோலவே வந்தது.

தருமபுரிக்கு முன்னால் புள்ளி நின்றது. சாப்பாட்டு நேரம். இரண்டு முறை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டாள்.

"சொல்லு" என்றார் தமிழரசு. பின்னால் தட்டுச் சத்தம், கைலாசம் யாரிடமோ இன்னொரு ஆம்லெட் கேட்கும் சத்தம்.

"மாமா, சாப்பிடுங்க, ஒண்ணுமில்ல. சாப்பிட்டுட்டுப் பேசலாமுங்களா?"

"ஒண்ணுமில்லைன்னாச் சோறு எறங்காது. சொல்லு."

"அந்தப் பொட்டணம்." அடுப்பை அணைத்தாள். "ரெண்டுலயுமே வெள்ளைதாங்க வெச்சேன்."

நாற்காலி நகர்ந்தது. அவர் வெளியே வருகிறார் என்று தெரிந்தது, லாரிகள் போகும் இரைச்சல் கூடியது.

"தெரியும்" என்றார்.

"என்னங்க?"

"அன்னிக்கே தெரியும். நீங்கெல்லாம் பிரகாரஞ் சுத்தப் போனீங்க. குழந்தை எடுக்காத பொட்டணம் அங்கயே கெடந்துச்சு. செவப்பு எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்னு பிரிச்சேன். வெள்ளையா இருந்துச்சு. மறுபடியும் மடிச்சு வெச்சுட்டு வந்துட்டேன்."

"தெரிஞ்சேவா வண்டி எடுத்தீங்க?"

"பொறவு? கேஸ அடச்சமான்னு நாலு தடவ போயிப் பாக்கறவ நீயி. பல்லி விழுந்தாக்கூட எனக்குப் போன் பண்றவ. நீ போயி முனியப்பன் முன்னால நின்னு பொய்யி மடிச்சிருக்கற. அப்ப அந்தப் படத்துல ஒரு கெடுதியும் இல்லைன்னு உனக்கு எத்தன நிச்சயமா இருக்கோணும்? அதுக்கு மேல பூவு எதுக்கு எனக்கு? அந்த நெனப்புலதான் நிம்மதியாப் போயிட்டு வந்தேன்."

பிரவீனா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அதே நிம்மதியோடு தொப்பூர் இறங்குவார். மாமியாரிடம் ஆமாங்க அத்தை என்று சொன்ன அதே வாய்தான்.

"நிச்சயமெல்லாம் இல்லீங்க மாமா" என்றாள். "முட்டையும் முட்டையும் மோதாது, அது நிச்சயம். அதுக்கு மேல எனக்கு ஒண்ணுந் தெரியாது. நீங்க பயந்துட்டு ஓட்டுவீங்களேன்னு பயந்துதான் அப்படி மடிச்சேன்."

இரைச்சல் வந்து போயிற்று. ஒரு லாரி, அதற்குப் பின்னால் இன்னொன்று.

"அட கெரகமே" என்றார் தமிழரசு. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் இருமல் என்றுதான் அவள் நினைத்தாள். "நீ பயந்துட்டு மடிச்சிருக்கற. உன்னைய நம்பி நானு பயமில்லாம நாக்பூரு போயிட்டு வந்திருக்கறேன். நல்ல குடும்பம் போ."

"சிரிக்காதீங்க மாமா. இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? இனி நானுஞ் சித்தே பயந்துட்டுத்தான் ஓட்டோணும். தொப்பூருக்கு அது நல்லதுதான். செகண்ட் கியர்லயே எறங்கறேன், உடு."

"படத்த?"

"இருக்கட்டும். பின்னால வாரவன் என்னமோ ஏதோன்னு பாத்துட்டுத் தள்ளியேதான் வாரான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கைலாசத்துக்குச் சொல்லீராத. அவன் இங்கயே எறங்கிக்குவான், பாதி ஆம்லெட்டோட."

கை கழுவும் சத்தம் கேட்டது. வண்டிக் கதவு திறந்தது. போனை வைக்கச் சொன்னார், அவள் வைத்தாள்.